பனி குழந்தைகளுக்கே!

நடுவர் அவர்களே! எதிரணியில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் என் அருமை நண்பர்களே! மைனஸ் 12 டிகிரியில் காரை நிறுத்திவிட்டு இந்த அரங்கத்துக்குள் ஓடி வந்திருக்கும் டொரண்டோ வாழ் தமிழ்ப் பெருமக்களே!

பனிக்காலத்தில் வெல்ல வேண்டியது குழந்தையின் குதூகலமா, பெற்றோரின் தயக்கமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய ஐயா கிட்டத்தட்ட அழுதே விட்டார். விடிகாலையில் எழுந்து வாசல் பனியை அள்ளிப் போட்டாராம். முடித்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினால், மாநகராட்சி வண்டி வந்து தெருப்பனியை எல்லாம் மறுபடி அவர் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போச்சாம். (சிரிப்பு) ஐயா, 1999 ஜனவரியில் இதே டொரண்டோவில் பனியைச் சமாளிக்க ராணுவத்தையே கூப்பிட்டாங்க. ஒரு ராணுவம் செய்த வேலையை நீங்க தனியாளாச் செய்யறீங்க. உங்களுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். (கைதட்டல்) ஆனா தீர்ப்பைக் கொடுக்க முடியாது!

நடுவர் அவர்களே, நான் திருநெல்வேலிக்காரி. எங்க ஊர்ல பனின்னா என்ன? மார்கழி மாசம் கோலம் போடும்போது தலையில ஒரு துண்டு. அதுக்கே எங்க பாட்டி, "ஏட்டி, பனி தலையில இறங்கும், உள்ள வா"ன்னு சத்தம் போடுவாங்க. அப்படி வளர்ந்தவ நான். அமெரிக்காவில் ஒரு பையனோட கதையைப் படிச்ச பிறகுதான் எனக்குப் புத்தி வந்துச்சு.

வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோன்னு ஒரு ஊர். மாடு வளர்க்கிற குடும்பம். 1865-ல் பிறந்த அந்தப் பையன் பேர் வில்சன் பென்ட்லி. பனி விழுந்தா ஊரே கதவைச் சாத்தும். இவன் வெளியே ஓடுவான். 15 வயசில் அம்மா ஒரு பழைய மைக்ராஸ்கோப் கொடுத்தாங்க. அதில் பனித்துகளை வச்சுப் பார்த்தான். ஆறு கை! ஒவ்வொரு கையிலும் பூவேலை! வரையலாம்னு பென்சில் எடுத்தா, பாதி வரையறதுக்குள்ள உருகிப் போயிடும். அப்படியே பல குளிர்காலம் போச்சு. கடைசியில், மைக்ராஸ்கோப்போடு சேர்க்கிற கேமரா வேணும்னு கேட்டான். விலை சுமார் 100 டாலர். அந்தக் காலத்து 100 டாலர்!

அப்பா என்ன சொல்லியிருப்பார்? அவர் ஒண்ணும் திருநெல்வேலியிலிருந்து போனவர் இல்லே. அந்தப் பனியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் இது வெட்டி வேலையாத்தான் பட்டது. பால் கறக்கணும், மாட்டுக்குத் தீனி போடணும், இவன் பனியை வச்சு விளையாடறான்! ஆனா நடுவர் அவர்களே, முணுமுணுத்துக்கிட்டே அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தார் பாருங்க, அங்கேதான் அவர் அப்பா! 1885 ஜனவரி 15-ஆம் தேதி, தன் மூச்சு பட்டாக்கூட உருகிடுமேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு தனிப் பனித்துகளைப் படம் எடுத்தான். அப்போ அவனுக்கு 19 வயசு. வாழ்நாளில் 5,000-க்கும் மேலே எடுத்தார். பனித்துகளின் அழகை உலகத்துக்குக் காட்டினது அந்தப் படங்கள்தான். (கைதட்டல்)

எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார். எனக்குத் தெரியும், என்ன கேட்கப் போறார்னு. "அம்மா, அந்த மனுஷர் பனிப்புயலில் நடந்து வீட்டுக்குப் போய், நிமோனியா வந்துதானே இறந்தார்?" ஆமாம் ஐயா, 1931-ல். வயசு 66! அதுவரைக்கும் பனியிலேதான் நின்னார். (சிரிப்பு)

குளிரே ஆபத்தில்லைன்னு நான் சொல்லலே. காற்றின் குளிரையும் சேர்த்து மைனஸ் 28-க்குக் கீழே போனா, மூடாத தோல் 10 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷத்துக்குள் உறைஞ்சு போகலாம். அன்னைக்குக் கதவைப் பூட்டுங்க. ஆனா நாம மைனஸ் 2-க்கே பூட்டறோமே!

நானும் பூட்டினவதான். என் பையன் இங்கேயே பிறந்தவன். பனி விழுந்தா குதிப்பான். அவனுக்கு ஸ்னோ சூட், பூட்ஸ், குல்லா, கையுறைன்னு மாட்டி முடிக்க இருபது நிமிஷம். முடிஞ்சதும் "அம்மா, பாத்ரூம்"! (பலத்த சிரிப்பு) எல்லா வீட்டிலும் இதுதானா? போதுமடா சாமின்னு, ஒருநாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே கடிதம் எழுதிட்டேன். இவனுக்குச் சளி பிடிக்கும், இடைவேளையில் வெளியே அனுப்பாதீங்கன்னு. அவங்களும் அனுப்பலே.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டான்னு கொண்டு போனேன். மைதானம் முழுக்கப் பிள்ளைங்க. சறுக்கறாங்க, உருள்றாங்க. என் பிள்ளை மட்டும் உள்ளே, ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்த ஆவியில் விரலால் என்னமோ வரைஞ்சுக்கிட்டு நிற்கிறான். என்னைப் பார்த்துத் திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டான்: "அம்மா, எனக்குக் குளிரலே. உனக்குக் குளிருதுன்னு நான் ஏன் உள்ளே இருக்கணும்?"

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, அவன் கேட்டது பனியைப் பத்தி மட்டும் இல்லே. எனக்கு இந்த ஊர் வந்த இடம். எனக்கு ஊர்னா தாமிரபரணிக் கரைதான். அவனுக்கு ஊர் இதுதானே? நான் ஆத்துல குதிச்சு வளர்ந்த மாதிரி அவன் இந்தப் பனியிலே குதிச்சாத்தானே இது அவன் ஊராகும்? என் பயத்தைக் காட்டி, அவனை அவன் ஊரிலேயே விருந்தாளியா உட்கார வச்சுட்டேன். சளி பிடிக்கும்னு எழுதினேனே, அந்த வருஷம் அவனுக்குச் சளி பிடிக்கவே இல்லே. வீட்டுக்குள்ளேயே இருந்த எனக்குத்தான் பிடிச்சது!

மறுநாளே வேற கடிதம் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை அவன் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளியே போனான். என்னோட கறுப்புக் கோட்டுக் கையில் ஒரு துகள் வந்து விழுந்தது. குனிஞ்சு பார்த்தேன். எண்ணினேன். ஆறு கை. "அழகா இருக்குடா"ன்னு வாயைத் திறந்தேன். அவன் என் வாயைப் பொத்திட்டான்: "பேசாதேம்மா, உருகிடும்!"



(நீண்ட கைதட்டல்)