வாரத்துக்கு ஒரு சீட்டு

(பங்கின் வெள்ளி விழா ஆண்டில் நடந்த குடும்பக் கூட்டத்தில் தாய்மார் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழாக் கூட்டத்தில் அடுப்படிப் பேச்சா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இம்மேடையில் நமக்குமுன் பேசியவர்கள் கோயில் கட்டிய வரலாற்றையும் பள்ளிக்கூடம் எழும்பிய வரலாற்றையும் எடுத்துரைத்தார்கள். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருள் இராச் சாப்பாடு. கோயில் கட்டிடம் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பேசப்படும். இராச் சாப்பாடோ நாள் தவறாமல் நம் வீடுகளில் பேசப்படுகிறது. பல வீடுகளில் அது பேச்சோடு நிற்பதுமில்லை. ஆகவே இப்பொருளைத் தந்தவர்களுக்கு முதற்கண் எங்கள் நன்றி.

மாலை ஆறு மணிக்கு நம் தெருக்களில் எழும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: "இன்னிக்கு ராத்திரிக்கு என்ன?" கேட்பவர்கள் நால்வர், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர். அவரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய் வந்தவராக இருப்பார். அந்த நேரத்தில் யோசித்துச் சமைப்பது கடினம். கையில் கிடைத்ததைச் சமைப்போம். ஒன்று இல்லையென்றால் பிள்ளையைக் கடைக்கு ஓட்டுவோம். கால் கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொத்தமல்லி, "அம்மா கணக்கில் எழுதிக்கச் சொன்னாங்க" என்ற ஒரு சொல். மாதக் கடைசியில் அந்தப் பற்று நோட்டைத் திறந்து பார்க்கும்போதுதான் வீட்டில் சண்டை ஆரம்பமாகிறது. பற்றில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. கேட்டாலும் பேரம் பேச நாக்கு எழுவதில்லை. அடுத்த கடையில் மலிவென்று தெரிந்தாலும் பாக்கி நிற்கும் கடையைத் தாண்டிப் போக முடிவதில்லை. கடைக்காரரை நாங்கள் குறை கூறவில்லை. பல குடும்பங்களைக் கடலில்லாத நாட்களில் காப்பாற்றியது அவர்களுடைய நோட்டுதான். ஆனால் ஆபத்துக்கு வைத்திருக்க வேண்டிய உதவியை அன்றாடச் சட்னிக்குச் செலவழிக்கலாகாது அன்றோ?

இதற்கு எங்கள் குழுவினர் வீடுகளில் கைக்கொண்டுவரும் வழி மிக எளியது. சனிக்கிழமை மாலை, தேநீர் வேளையில், கிழித்துப்போட்ட மாத நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், வரும் ஏழு இரவுகளுக்கும் என்ன சாப்பாடு என்று எழுதிவிடுவது. எழுதியதை அடுப்படிச் சுவரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவது. அதைப் பார்த்து அந்த வாரத்துக்கான சாமான் சீட்டை எழுதுவது. சாப்பாட்டைத் தீர்மானித்த பிறகே சீட்டு என்பதைக் கவனியுங்கள். முதலில் சந்தைக்குப் போய்க் கண்ணில் பட்டதை வாங்கி வந்து, பிறகு இதை என்ன செய்வது என்று யோசிப்பதுதான் நம்மில் பலருடைய பழக்கம். அப்படி வாங்கிய முள்ளங்கி எத்தனை வீட்டில் வாடிக் குப்பைக்குப் போயிருக்கிறது!

உதாரணத்துக்கு ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை மாவு ஆட்டுகிறோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். நம் கடற்கரைச் சூட்டில் விடிவதற்குள் பொங்கிவிடும். தேவைக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் குளிர்பெட்டியில் வைத்தால் திங்கள் இரவு இட்லி, சாம்பார். செவ்வாய் தோசை, தேங்காய்ச் சட்னி. புதனுக்குள் மாவு சற்றுப் புளித்திருக்கும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம். வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றினால் பிள்ளைகள் எண்ணிக்கை பார்க்காமல் சாப்பிடுவார்கள். வியாழன் சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குருமா. வெள்ளி சோறும் மீன்குழம்பும். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சிக்குத்தான் விலக்கு, மீனுக்குத் தடையில்லை. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மீன் சாப்பிடுவது ஒறுத்தலா விருந்தா என்ற கேள்வியை நாங்கள் பங்குத் தந்தை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். சனிக்கிழமையை நாங்கள் ஒழிக்கும் நாள் என்போம். அரைத் துண்டு முட்டைக்கோசு, இரண்டு காரட், ஒரு பிடி பட்டாணி என்று மிஞ்சியதெல்லாம் கோதுமை ரவை உப்புமாவில் போய்ச் சேரும். ஞாயிறு மதியம் கறிச் சாப்பாடு என்பதால் இரவுக்குத் தனியாக எதுவும் வேண்டியதில்லை.

இந்தத் தாளில் நாளைய சாப்பாட்டை எழுதுவது மட்டும் போதாது. இன்று இரவு செய்ய வேண்டிய வேலையையும் எழுத வேண்டும். வியாழன் குருமா என்றால், புதன் என்ற இடத்தில் "கடலை ஊறப் போடு" என்று எழுதியிருக்க வேண்டும். ஊறாத கடலை எளிதில் வேகாது, எரிவாயுதான் தீரும். எங்கள் குழுவில் ஒரு வீட்டில் அந்தப் பொறுப்பு ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு. ஊறப்போட்டுவிட்டு அவன் தாளில் பெரிய சிலுவைக் குறி போடுகிறான். தன்னால்தான் வீட்டில் குருமா நடக்கிறது என்று அவனுக்கு நினைப்பு. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி சீட்டு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இரண்டு சீட்டு வேண்டும்: அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலாவுக்கு மாதச் சீட்டு, காய்கறி, மீன், முட்டை, தேங்காய்க்கு வாரச் சீட்டு. கடலுக்குப் போகிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர், உப்பளத்துக்குப் போகிறவர் வீடுகளில் மாதச் சீட்டு என்பது வெறும் ஆசை. கூலி வாரத்துக்கு வருகிறதென்றால் சீட்டும் வாரத்துக்குத்தான். எதுவானாலும், எழுதியவுடன் சீட்டோடு கடைக்குப் போகாமல், முதலில் டப்பாக்களைத் திறந்து பார்த்து, வீட்டில் இருப்பதை அடித்துவிட வேண்டும். சீரகம் மூன்று பொட்டலம் இருக்க நான்காவது வாங்கும் வீடுகளை நாம் அறிவோம்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், கொழுப்பு வகை 27 கிராம் என்கிறது அது. நால்வருக்கு 30 நாளைக்குக் கணக்குப் போட்டால் 3,240 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர். ரேஷனில் வரும் ஒரு லிட்டர் பாமாயிலும் இதற்குள் அடக்கம். உங்கள் சீட்டில் ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று வருமானால், பஜ்ஜியைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு பேச்சு நடத்த வேண்டும். அதே நிறுவனம் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து நாளுக்கு 85 கிராம் என்கிறது. நால்வருக்கு 340 கிராம். ரேஷன் கடையில் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு இந்தக் கணக்கில் மூன்று நாளைக்குத்தான் காணும்! மற்ற நாட்களுக்குப் பாசிப்பயறும் கடலையும் முட்டையும் சாளையும் சீட்டில் ஏறியாக வேண்டும். அரிசி மட்டும் நிறைந்திருக்கும் வீட்டில் வயிறு நிறையும்; உடம்புக்கு வலு வராது.

காய்கறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீரையும் வெண்டையும் முதல் இரண்டு நாளில், பூசணியும் சேனையும் உருளையும் வாரக் கடைசியில். உழவர் சந்தை பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே எழுதிப் போட்டிருக்கும் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு மற்ற இடத்தில் விலை பேசுங்கள்.

மீனைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் முட்டையிடும் காலமென்று அரசு வகுத்தது. நாட்டுப்படகுகள் போகின்றன, ஆனால் வரத்துக் குறைவு, விலை ஏற்றம். விசைப்படகில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு அதே நாட்களில் வருமானமும் இல்லை, அரசு தரும் நிவாரணத் தொகை தவிர. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்பொழுதுதான். மூன்று வேளையும் வீட்டில் சாப்பாடு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டு, சீருடைச் செலவு வந்து நிற்கும். வருமானம் நின்ற நேரத்தில் செலவு ஏறுகிறது. இந்த 61 நாட்கள் எந்தத் தேதியில் வரும் என்று நம் ஊரில் தெரியாதவர் இல்லை. தெரிந்த தேதிக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம் என்பதே எங்கள் வேண்டுகோள். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் நெத்திலியும் சாளையும் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிக் கருவாடு போட்டு வைப்பது நம் பாட்டிமார் செய்தது. அதோடு, வாரச் சீட்டில் அரைக்கிலோ பயறு கூடுதலாக எழுதி ஒரு தனி டப்பாவில் சேர்த்து வந்தால், எட்டு வாரத்தில் நான்கு கிலோ சேர்ந்துவிடும். தடைக்காலத்து வியாழன் வெள்ளிகளுக்கு அதுவே குழம்பு. பெரிய திட்டம் ஒன்றுமில்லை இது. ஆயினும் சென்ற ஆண்டு இப்படிச் செய்த எங்கள் குழுவின் சில வீடுகளில் மே மாதம் பற்று நோட்டு திறக்கப்படவில்லை.

அடுத்து நாங்கள் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மீன்காரியிடம் நாம் எப்படி வாங்குகிறோம்? வீட்டில் நான்கு பேர். பாறை மீனில் மூன்று துண்டு வருமாறு வாங்குகிறோம். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. அம்மாவுக்கு? "எனக்குக் குழம்பு போதும்" என்கிறோம். இட்லி கடைசி ஈட்டில் என்ன மிஞ்சுகிறதோ அது. சட்னி வழித்த பாத்திரத்தில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது. இதைத் தியாகம் என்று மேடைகளில் புகழ்வது வழக்கமாகிவிட்டது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறதென்று கேளுங்கள்: இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். படியேறினால் மூச்சு வாங்குவது, எந்நேரமும் அசதி, தலைசுற்றல் என்று நம் பெண்கள் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதற்கு அந்த மூன்று துண்டுக் கணக்கும் ஒரு காரணம்.

சீட்டு எழுதுவதால் வரும் பெரிய பலனாக நாங்கள் கருதுவது பணத்தைக்கூட அன்று. சீட்டில் "மீன், நான்கு துண்டு" என்று எழுத வேண்டியிருக்கிறது. முட்டை என்றால் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது தலைகளை எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணுகிறவர் தந்தையாகவோ மகனாகவோ இருந்தால், அம்மாவை விட்டுவிட்டு எண்ண அவர்களுக்குக் கை வராது. நாமே எண்ணினால்தான் நம்மை விட்டுவிடுவோம்! ஆகவே, வாரத்தில் ஒரு நாளாவது சீட்டை வீட்டு ஆண்கள் எழுதட்டும், அவர்களே வாங்கி வரட்டும். முருங்கைக்கீரை வாரம் இருமுறையாவது இருக்கட்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியட்டும், ஏனெனில் புளிப்புள்ள எலுமிச்சையும் நெல்லிக்காயும் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர உதவுகின்றன. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ஞாயிறு இரவைப் பற்றி ஒரு சொல். மற்ற ஆறு நாளும் ஒருவர் ஏழு மணிக்கு, ஒருவர் ஒன்பதுக்கு, ஒருவர் தொலைக்காட்சி முன்னால், ஒருவர் கைப்பேசியோடு என்று சாப்பிடுகிறோம். வேலை அப்படி, அதைத் திருத்தி அமைக்க எங்களால் ஆகாது. ஞாயிறு இரவு மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய் விரித்தோ மேசையிலோ உட்காருவது என்று சில வீடுகளில் வைத்திருக்கிறோம். மதியக் கறிக்குழம்பும் சூடான இடியாப்பமும் போதும். தட்டுகளை எடுத்து வைத்துப் பரிமாறுவது வாரம் ஒருவர் முறை. பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுவதால், ஒரு மாதத்தில் எல்லோருக்கும் அந்தக் கடைசி இடம் எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிடுகிறது. சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தாளைச் சரிபார்க்கிறோம்: எது மிஞ்சியது, எது யாருக்கும் பிடிக்கவில்லை, எதற்குப் பணம் கூடிப்போயிற்று. பாகற்காயைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

விருந்தாளி வந்தால் தாள் என்னாவது என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்கள். வரட்டும். சனிக்கிழமை உப்புமாவைப் புதனுக்கு மாற்றலாம், புதன் பணியாரத்தை விருந்தாளிக்குக் கொடுக்கலாம். தாள் நம் கையெழுத்துதானே, அடித்து எழுதலாம்.

மாதிரித் தாள்கள் சில எழுதி வைத்திருக்கிறோம்: மாதச் சம்பளக் குடும்பத்துக்கு ஒன்று, வாரக் கூலிக் குடும்பத்துக்கு ஒன்று, தடைக்கால வாரத்துக்கு ஒன்று, பல்லில்லாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒன்று. கூட்டம் முடிந்ததும் வாசற்பக்கத்து மேசையில் எங்கள் சகோதரிகள் இருப்பார்கள். பார்த்து எழுதிக்கொள்ள ஆண்களும் வரலாம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.