செய்தேனா, செய்து வருகிறேனா?

(பாசிக்குடாவுக்குச் சுற்றுலா வந்த தோட்டக் குடும்பங்களின் மாலைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பதுளையால் இறங்கி, செங்கலடி வந்து, வாழைச்சேனை தாண்டி ஒரு மாதிரி இங்கே வந்து சேர்ந்துவிட்டோம். பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைகள்தான் இப்போது கடலை விட்டு வரமாட்டோம் என்று அடம் பிடிக்கிறார்கள். காலையில் நம்ம அக்கா ஒருவர் கேட்டார்: "என்னங்க ஐயா, இவ்வளவு தூரம் உள்ளே நடந்துட்டேன், தண்ணி இன்னும் இடுப்பு மட்டும்தானே இருக்கு?" பாசிக்குடாக் கடல் அப்படித்தான். கரையிலிருந்து வெகுதூரத்துக்கு ஆழம் இருக்காது. ஒவ்வொரு அடியாக நடக்கிறவருக்கு எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியாது. திரும்பிக் கரையைப் பார்த்தால்தான் தெரியும்.

நம்முடைய உழைப்பும் அந்த மாதிரித்தான். அப்படி நீண்டநாள் பட்ட பாட்டை இங்கிலீசில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். "சுற்றுலா வந்த இடத்திலும் பாடமா?" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இது நான் செய்த ஒரு தப்பினால் படித்த பாடம்.

சில வருசத்துக்கு முந்தி, கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா மகனின் படிப்புச் செலவுக்குக் கடன் கேட்டு மனுப் போட வந்தார். செக்ரோலில் பெயர் பதிந்து 24 வருசம். கடிதம் இங்கிலீசில் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "24 வருசமா வேலை செஞ்சிக்கிட்டு வர்றேங்க" என்று அந்த அம்மா சொன்னார். நான் சாதாரண தரம் வரை படித்தவன். தெரிந்த இங்கிலீசில் "ஐ வேர்க்ட் இன் திஸ் எஸ்டேட்" என்று எழுதி, 24 வருசத்தையும் போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "நீங்கள் எப்போது வேலையை விட்டீர்கள்? இப்போது வருமானம் என்ன?" என்று கேட்டிருந்தார்கள். அந்த அம்மா அன்றைக்கும் கூடையோடு மலையில்தான் நின்றார். வேலையை விட வைத்தது என்னுடைய பேனா. திருத்தி எழுதி, மறுபடி பதில் வந்து, காசு கைக்குக் கிடைக்கும்போது மகன் சேர இருந்த வகுப்புக்குப் பணம் கட்டும் நாள் போய்விட்டது. பையன் ஒரு வருசம் வீட்டில் இருந்தான். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தப்பு எங்கே? "ஐ வேர்க்ட்" என்றால் வேலை செய்தேன், அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். "ஐ ஹேவ் பீன் வேர்க்கிங்" என்றால் அன்று தொடங்கினேன், இன்னும் செய்து வருகிறேன் என்று அர்த்தம். "ஹேவ் பீன்" என்ற இரண்டு சொல்லும், கடைசியில் வருகிற "இங்" என்ற ஓசையும் சேர்ந்துதான் அந்த நீண்ட உழைப்பைக் காட்டுகின்றன. நம்ம தமிழிலும் இது இருக்கிறது. "செய்தேன்" வேறு, "செய்து வருகிறேன்" வேறு. அந்த அம்மா தமிழில் சரியாகத்தான் சொன்னார். கேட்ட நான்தான் கவனிக்காமல் எழுதினேன்.

இதோடு இன்னும் இரண்டு சொல்லைப் படித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய காலத்தைச் சொல்ல "சின்ஸ்": சின்ஸ் 1999. எத்தனை வருசம் என்று சொல்ல "ஃபோர்": ஃபோர் டென் இயர்ஸ். இதை மாற்றிப் போடக்கூடாது. தொடங்கிய தேதி நமக்குப் பெரிய காரியம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருசமாவது வேலை செய்த நாட்கூலித் தொழிலாளி வேலையை விட்டுப் போகும்போது, முடித்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். தேதி ஒரு வருசம் பிந்தினால் 14 நாள் சம்பளம் போய்விடும்.

மெல்ல மெல்ல முன்னேறுவதைச் சொல்ல இங்கிலீசில் வேறு வழிகளும் உண்டு. லொறி மலையில் ஊர்ந்து ஏறினால் "இஞ்ச்ட் அப் த ஹில்" என்பார்கள். அடிமட்டத்தில் இருக்கிற இஞ்சையே வினைச்சொல்லாக்கி விட்டார்கள்! ஹட்டன் ரோட்டில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று "வே" என்ற சொல். "வே" என்றால் வழி. "ஷி வேர்க்ட் ஹேர் வே அப்" என்றால், உழைத்து உழைத்துத் தானே வழி உண்டாக்கி முன்னுக்கு வந்தாள் என்று அர்த்தம். "தே கட் தேர் வே த்ரூ த ஜங்கிள்" என்றால், காட்டை வெட்டி வெட்டி வழி பண்ணிக்கொண்டு போனார்கள் என்று அர்த்தம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம முன்னோர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை நினைத்து 2023இல், மலையகம் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டிய கைகள் யாருடையவை என்று நம்ம பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு காரியத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று சொல்ல "இட் டுக்" என்று தொடங்குவார்கள். நம்ம பிரஜாவுரிமைக்கு எவ்வளவு காலம் பிடித்தது? 1948இல் வந்த சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் ஒரு ஒப்பந்தம், 1974இல் இன்னொரு ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம். கடைசியில் 2003இல் வந்த சட்டத்தோடுதான் மிச்சம் இருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. கணக்குப் பாருங்கள், 55 வருசம். "இட் டுக் ஃபிஃப்டி ஃபைவ் இயர்ஸ்" என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதற்குள் பிறந்து இறந்தவர்களும் இருக்கிறார்கள்.

"இங்கிலீசு துரைமார் பாசைதானே, நமக்கு எதுக்கு?" என்று சில பெரியவர்கள் கேட்பது உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். நம்ம மக்களின் வாழ்க்கையை அவர் இங்கிலீசிலும் எழுதி வெளியுலகத்துக்குச் சொன்னார். அடுத்தவன் பாசையில் நம்ம பாட்டைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால், அதைக் குறைத்து எழுத யாராலும் முடியாது.

ஆகவே மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, யார் எழுதித் தந்த கடிதமானாலும், நான் எழுதியதானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லி, தமிழில் விளக்கம் கேளுங்கள். இரண்டு, "நான் இன்னும் வேலையில் இருக்கிறேன் என்று இதில் இருக்கிறதா? தொடங்கிய தேதி சரியா?" என்று கேளுங்கள். மூன்று, சாதாரண தரம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் கடிதத்தைப் பிள்ளை கையில் கொடுங்கள். "ஹேவ் பீன்" எங்கே என்று பிள்ளை தேடிப் பார்க்கட்டும்.

அந்தப் பையன் அடுத்த வருசம் வகுப்பில் சேர்ந்து படித்து முடித்தான். இப்போது என்னுடைய கடிதங்களை அவன்தான் திருத்தித் தருகிறான்.

நாளைக் காலையில் பஸ் 6 மணிக்குக் கிளம்பும். இருட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கடலிலிருந்து கூட்டி வாருங்கள்.