ஆங்கிலம் கற்போம், அயன்மொழியாகக் கற்போம்

(மாலைநேரப் படிப்பகங்களில் ஊதியம் பெறாது கற்பிக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

தனித்தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆங்கிலப் பாடத்தைப் பற்றிய பேச்சா என்று உங்களுள் சிலர் புருவம் உயர்த்தக் கூடும். நம்மை ஆங்கிலப் பகைவர் என்று ஏசித் திரிவோரும் ஊரில் பலர். நாம் பகைப்பது ஆங்கிலத்தை அன்று; தமிழின் இருக்கையில் ஆங்கிலம் ஏறி அமர்வதையே பகைக்கின்றோம். கற்பது வேறு, கலப்பது வேறு, காலடியில் கிடப்பது முற்றிலும் வேறு. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் ஆங்கிலப் புலமை மிக்கவர். தம் தமிழ் நூல்களுக்கே நீண்ட ஆங்கில முன்னுரைகள் வரைந்தவர். பாவாணர் தம் மொழியாய்வு முடிபுகளை உலகறியச் செய்ய 1966-இல் ஆங்கிலத்திலேயே ஒரு நூல் யாத்தார். அவ்வளவு ஆங்கிலம் கற்றவர்களே கலப்பில்லாத் தமிழை எழுதிக் காட்டினார்கள். ஒரு தமிழ்த்தொடருக்குள் நான்கு ஆங்கிலச் சொற்களைச் செருகிப் பேசுகின்றானே, அவனிடம் ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்துப் பொருள் கேளுங்கள், விழிப்பான்.

நம் படிப்பகங்களுக்கு வரும் பிள்ளைகள் யார்? கூலி வேலை செய்வோர், உழுவோர், சிறுகடை வைத்திருப்போர் ஆகியோரின் மக்கள். மற்றப் பாடங்களில் தேறி ஆங்கிலத்தில் மட்டும் தவறுகின்ற பிள்ளை, "எனக்கு மண்டையில் ஏறாது" என்று தன்னையே நொந்துகொள்கிறது. பெற்றோரோ, தமிழ்வழிப் படிப்பே இதற்குக் கரணியம் என்று எண்ணி, கடன் பட்டாவது ஆங்கிலவழிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். 2012-இலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தாய்மொழியே கல்விக்குரிய சிறந்த வாயில் என்று உலக நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கூறிவிட்டது. கேட்டவர் யார்? ஆகவே, தமிழ்வழிக் கற்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வரும் என்பதை நாம் வாயால் சொல்லிப் பயனில்லை. செய்து காட்ட வேண்டும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்க வேண்டும், வகுப்பில் தமிழே ஒலிக்கக் கூடாது என்பார் உளர். தமிழைக் கற்க வந்த ஐரோப்பியர் என்ன செய்தனர்? 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1716-இல் செருமானிய நாட்டில் அச்சேறியது. வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு இலத்தீனிலேயே இலக்கணம் வகுத்தார். போப்பையரின் தமிழ்க் கையேடு ஆங்கிலத்தின் வழியே தமிழைக் கற்பிக்கிறது. தாம் அறிந்த மொழியில் நின்றுகொண்டு அறியாத மொழியை எட்டிப் பிடித்தார்கள். அதே வழியை நம் பிள்ளை மேற்கொண்டால் மட்டும் அது பிழையாகிவிடுமோ?

எனவே, தமிழிலக்கணத்தை ஏணியாக்குங்கள். அஃது எவ்வாறு என்பதைச் சற்று விரித்துரைக்கிறேன்.

'நாய் பூனையைக் கடித்தது' என்கிறோம். 'பூனையை நாய் கடித்தது' என்று மாற்றினாலும் கடித்தது நாயே. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், பூனை எங்கே போனாலும் கடிபட்டதாகவே இருக்கும். ஆங்கிலத்தில் 'தி டாக் பிட் தி கேட்' என்பதை இடம் மாற்றி 'தி கேட் பிட் தி டாக்' என்றால், கடித்தது பூனையாகிவிடும்! ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு இல்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் இருந்த பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை ஈறுகள் இருந்தன. பின்னர்த் தேய்ந்து மறைந்தன. உருபு போனபின் அதன் வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. எழுவாய் முன்னே, வினை நடுவே, செயப்படுபொருள் பின்னே என்னும் கட்டு ஆங்கிலத்துக்கு ஏன் இத்துணை இறுக்கமாயிற்று என்பது இப்போது விளங்கும். வேற்றுமை உருபு அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதைக் கால்மணி நேரத்தில் விளக்கிவிடலாம். உருபு இன்னதென்று அறியாத பிள்ளைக்கோ நெட்டுருவே கதி.

அடுத்தது, கண்ணாடியில் தெரியும் உருப்போலத் தலைமாறி நிற்பது. நமக்கு உருபு பெயரின் பின்னே வரும். ஆங்கிலத்தில் அவ்வேலை செய்யும் இடைச்சொல் பெயரின் முன்னே வரும். 'பெட்டியில்' என்பது 'இன் தி பாக்சு' ஆகும். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது. 'மதுரையிலிருந்து வந்த ஆசிரியரின் வீடு' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன்கீழ், 'தி அவுசு ஆவ் தி டீச்சர் ஊ கேம் ஃபிரம் மதுரை' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழ்ப்பொருளை எழுதுங்கள். வீடு - இன் - ஆசிரியர் - எவர் - வந்தார் - இலிருந்து - மதுரை என்று நிற்கும். இப்போது பிள்ளையை வலப்புறத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். மதுரை, இலிருந்து, வந்த, ஆசிரியர், இன், வீடு! நம் தொடர் அப்படியே வந்துவிட்டது. நடுவில் நிற்கும் அந்த 'ஊ' என்னும் சொல் மட்டுமே மிகை. நம் மொழியில் 'வந்த' என்னும் பெயரெச்சமே அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. பெரிய தொடரைக் கண்டதும் பிள்ளைக்கு வரும் மருட்சி பெரும்பாலும் இந்தத் தலைமாற்றத்தால் வருவதே. தொடக்கத்தில் சில கிழமைகள் இவ்வாறு பின்னிருந்து பிரித்துப் பார்க்கட்டும். பழகியபின் முன்னிருந்தே பொருள் பிடிபடும். பின்னிருந்து படிப்பதையே நிலையான வழக்கமாக்கிவிடாதீர்கள்.

'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் நிறைவான தொடர். பெயரே பயனிலையாய் நிற்கும். ஆங்கிலத்துக்கோ வினையில்லாமல் தொடர் முடியாது; 'இசு' என்னும் சொல் நடுவே வந்தே தீர வேண்டும். நம் பிள்ளை அதை விட்டுவிட்டு எழுதுவது அறியாமையாலன்று, தமிழ்ப் பழக்கத்தால். எழுவாயும் அப்படியே. 'வந்தேன்' என்றால் வந்தவன் நான் என்பதை ஈறே காட்டிவிடும். ஆங்கில வினை அதைக் காட்டாது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் சேர்க்கும் அந்த ஒற்றைச் சகர ஈறுதான், பண்டைய ஈறுகளுள் எஞ்சி நிற்பது. எனவே, பெய்வது எதுவென்று சொல்ல இல்லாதபோதும் 'இட் இசு ரெயினிங்' என்று பொருளற்ற ஓர் 'இட்'டை எழுவாயாக நட்டுவைக்கிறார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரித்துக் கற்றது மறவாது.

உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', மெய்க்கு முன் 'ஒரு' என்று நாம் எழுதுகிறோம். ஓர் ஆசிரியர்; ஒரு மாணவர். ஆங்கிலத்திலும் உயிரொலிக்கு முன் 'அன்', மெய்யொலிக்கு முன் 'அ'. அவர்களின் 'அன்' என்பதும் ஒன்று என்னும் எண்ணுப்பெயரிலிருந்து தேய்ந்து பிறந்ததே. அங்கே கணக்கில் கொள்ள வேண்டியது எழுத்தையன்று, ஒலியை என்பதை மட்டும் வற்புறுத்துங்கள். தமிழில் 'ஓர் மாணவர்' என்று எழுதும் பிள்ளைக்கு இவ்வேணியின் முதற்படியே இல்லை. முதலில் தமிழைத் திருத்துங்கள்.

இனி எழுத்துக்கூட்டு. பிள்ளைகள் மிகுதியாக அடிவாங்குவது இங்கேதான். கடைசி நான்கெழுத்துகள் ஒன்றாகவே இருக்க, ஒரு சொல்லை 'தோ' என்றும், இன்னொன்றை 'த்ரூ' என்றும், மற்றொன்றை 'டஃப்' என்றும், வேறொன்றைக் 'காஃப்' என்றும் ஒலிக்கச் சொல்கிறார்கள். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லின் முதலெழுத்து ஒலிப்பதே இல்லை. இது பிள்ளையின் குற்றமா? காக்சுடன் என்பார் 1476-இல் வெசுட்டுமின்சுடரில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு இறுகியது. அதே காலத்தில் மக்கள் வாயில் நெட்டுயிர்கள் மாறிக்கொண்டே சென்றன. வாய் ஒரு வழி, எழுத்து ஒரு வழி என்றாயிற்று. ஒலிக்காத அந்த முதலெழுத்தும் ஒருகாலத்தில் ஒலித்ததே. எழுதியவாறே பெரிதும் ஒலிக்கும் மொழியிலிருந்து வரும் பிள்ளை, "ஏன் இப்படி?" என்று கேட்டால், அஃது அறிவுள்ள கேள்வி. வரலாற்றைச் சொல்லுங்கள், பிரம்பை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல். நீ, நீங்கள் என்பனவற்றுக்கும் இன்று ஒரே சொல்தான். இதை எள்ளி நகையாடச் சொல்லவில்லை. எம்மொழிக்கும் ஓரிடத்தில் செல்வமும் ஓரிடத்தில் வறுமையும் உண்டு என்று பிள்ளை அறிந்தால், ஆங்கிலத்தின் முன் கூனிக் குறுகாது.

படித்தறியும் பயிற்சியைப் பற்றியும் கூற வேண்டும். வங்கத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெசுட்டு என்னும் ஆங்கிலேயர், 1926-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள மாணவர்க்கு முதற்கண் தேவைப்படுவது படித்துப் பொருளுணரும் திறனே என்று எழுதினார். பேச்சு பின்னர் வரட்டும் என்பது அவர் கொள்கை. 1953-இல் அவர் வெளியிட்ட பொதுவழக்குச் சொற்பட்டியில் ஏறத்தாழ 2000 சொற்களே உள்ளன. ஆங்கில நாட்டார்போல் நாவைச் சுழற்றிப் பேசுவதே ஆங்கில அறிவு என்று இங்கே காசு பறிக்கும் கூட்டத்தார் சொல்வதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பிள்ளைக்கு வேண்டியது, மருந்துப் புட்டியின் மேலுள்ளதையும், வைப்பகப் படிவத்தையும், வேலைக்கான அறிவிப்பையும், பின்னர் அறிவியல் நூலையும் பிறர் துணையின்றிப் படித்துணரும் ஆற்றல்.

இவ்விடத்தில், ஆங்கிலத்தின் பழங்கதை ஒன்றைப் பிள்ளைகட்குச் சொல்லுங்கள். 1066-இல் நார்மானியர் வென்றபின் இங்கிலாந்தில் ஆள்வோர் மொழி பிரெஞ்சாயிற்று. ஆங்கிலம் உழவர் மொழியென்று இகழப்பட்டது. 1362-இல்தான் வழக்குமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்குரைக்கச் சட்டம் வந்தது. நியூட்டன்கூடத் தம் பெருநூலை 1687-இல் இலத்தீனில் எழுதினார். ஒளியியல் நூலை 1704-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர்கள் இலத்தீனைக் கற்றார்கள். தம் மொழியை விட்டுவிடவில்லை.

இனி, முதற் கிழமைக்குரிய வேலை. பிள்ளைகள் தமிழில் முன்பே அறிந்த கதை ஒன்றைப் பத்து எளிய ஆங்கிலத் தொடர்களில் எழுதிக் கொடுங்கள். கூட்டமாகக் கத்திப் படிக்க வேண்டா, வாய்மூடிப் படிக்கட்டும். ஒவ்வொரு தொடரிலும் முதலில் வினைமுற்றைக் கண்டு அதன்கீழ்க் கோடிடட்டும். அதற்கு இடப்புறம் எழுவாயைத் தேடட்டும். வலப்புறம் செயப்படுபொருள் உண்டா என்று பார்க்கட்டும். பிறகு நல்ல தமிழில் பொருள் எழுதட்டும். அகரமுதலியைப் புரட்டுவது அதற்குப் பின்னரே. ஒரு நாளைக்குப் புதுச்சொல் ஐந்துக்குமேல் வேண்டா. எழுதிய தமிழில் சந்திப் பிழை இருந்தால் அதையும் திருத்துங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பிள்ளைகள் எந்தத் தொடரில் இடறினர் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தொடர்களை வைத்தே மேற்கொண்டு பேசுவோம்.