விராலுக்கு எந்த ரீல்?

(வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

சென்ற மாதம் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் போயிருந்தேன். மிளகுக் கொடியில் வாடல் நோய் பார்க்கத்தான் போனது. ஆனால் அந்தத் தோட்டத்துக்காரர், மிளகை அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லித் தம் பண்ணைக் குட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். இருபத்தைந்து சென்ட் குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து 800 குஞ்சுகள் விட்டிருக்கிறார். எக்டருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சு வரை விடலாம் என்பது கணக்கு. ஆகவே அவர் விட்ட அளவில் தவறில்லை. "விட்டது எண்ணூறுங்க சார், தவிடு போட்டா மேலே வர்றது நூறு கூட இல்லீங்க" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கரையோரத்து அல்லி இலைகளுக்கு நடுவே 'களுக்' என்று ஒரு சத்தம். கறுத்த முதுகு ஒன்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போயிற்று. விரால்! செவுள் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடித்தாக வேண்டும். திருடன் தானாக வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போன மாதிரிதான்.

விரால் எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். வாங்கிய மீன் குஞ்சோடு கலந்து வந்திருக்கலாம். மழைக்காலத்தில் ஈரத் தரையில் ஊர்ந்தும் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு விரால் போகும். வந்துவிட்டால் விரல் நீளக் கெண்டைக் குஞ்செல்லாம் அதற்குத் தீனிதான்.

வலை போடக் கூடாதா என்றால், போட்டுப் பார்த்திருக்கிறார். குட்டையின் அடியில் பாறை. வலை கிழிந்ததுதான் மிச்சம். சமதளக் குட்டையில்கூட விரால் வலைக்குச் சுலபமாக அகப்படாது. சேற்றில் புதைந்து வலைக்கு அடியில் நழுவும், இல்லாவிட்டால் மேலே எகிறித் தாண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் இதைக் கேட்டுவிட்டு, செல்போனில் பார்த்து ஒரு தூண்டில் கம்பும் 'பெயிட் காஸ்டிங் ரீல்' என்ற ஒன்றும் வாங்கி அனுப்பியிருக்கிறான். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். "வீசினா சிக்கிக்குதுங்க. மூணு நாள் சிக்கு எடுத்தேன். இப்ப பரண்ல கிடக்குது. இதைக் கொடுத்துட்டு வேற ரீல் வாங்கலாமுங்களா?" என்பதுதான் அவருடைய கேள்வி. இதே கேள்வியை வேறு சில ஊர்களிலும் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குஞ்சு விடுவதற்கு முன்பே விரால் இருப்பது தெரிந்தால் தூண்டிலும் வேண்டாம், ரீலும் வேண்டாம். கோடையில் தண்ணீரை வடித்துக் குட்டையைக் காயப் போடுவது உத்தமம். வடிக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டருக்கு 2,500 கிலோ. இருபத்தைந்து சென்ட்டுக்கு 250 கிலோ. போட்ட பிறகு மூன்று வாரம் பொறுத்துக் குஞ்சு விட வேண்டும். குஞ்சு விட்ட பிறகு இதைச் செய்தால் கெண்டையும் சேர்ந்து செத்துப் போகும். ஆகவே தூண்டில் என்பது குஞ்சு விட்ட பிறகு விராலைக் கண்டுபிடித்தவர்களுக்கான வழி.

இனி ரீலுக்கு வருவோம். கடையில் இரண்டு ஜாதி ரீல் இருக்கின்றன. ஒன்று ஸ்பின்னிங் ரீல். கம்புக்குக் கீழே தொங்கும். அதில் நூல்கண்டு போன்ற ஸ்பூல், வீசும்போது சுற்றாது. நரம்பு மட்டும் வளையம் வளையமாக முன்பக்கம் கழன்று போகும். 1905-இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். அவர் கம்பளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தறிக் கண்டிலிருந்து நூல் கழலுவதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள்.

மற்றது பெயிட் காஸ்டிங் ரீல். இது கம்புக்கு மேலே உட்காரும். வீசும்போது ஸ்பூலே சுற்றும், கிணற்று ராட்டினம் மாதிரி. 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரம் வைத்துச் செய்ததில் ஆரம்பித்தது இது. அங்கே 'பாஸ்' என்று ஒரு மீன். நம் விராலுக்கும் அதற்கும் உறவு கிடையாது. ஆனால் குணம் ஒன்று. பாசிக்குள் பதுங்கிக் கிடந்து, தவளையோ குஞ்சோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். அந்த மீனைப் பாசியிலிருந்து பிடுங்கி எடுக்க வளர்த்த கருவிதான் இது. ரப்பர் தவளையை வைத்து விரால் பிடிக்க நம் ஊரில் இது பரவியதற்கும் அதுவே காரணம்.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. மண்புழு, மைதா உருண்டை, தக்கை போட்டு கெண்டையும் திலேப்பியாவும் பிடிப்பவருக்கு மூங்கில் கழியே போதும். தூரம் போக வேண்டுமானால் ஸ்பின்னிங் ரீல். ஏனென்றால் பெயிட் காஸ்டிங் ரீலில் ஸ்பூலைச் சுழற்றுவதே வீசும் பொருளின் எடைதான். ஏழெட்டு கிராமுக்குக் குறைந்தால் சாதாரண ரீல் சரியாக ஓடாது. பத்துப் பன்னிரண்டு கிராம் ரப்பர் தவளை என்றால் அருமையாகப் போகும். எதை வீசப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் ரீலை வாங்கிவிட்டு அப்புறம் தவளையைத் தேடுகிறார்கள்.

பெயிட் காஸ்டிங் ரீல்தான் என்று முடிவாகிவிட்டால், பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் எது முக்கியம், எது வேடிக்கை என்று பார்க்கலாம்.

முதல் எண் கியர் விகிதம். 5:1, 6.3:1, 7:1, 8:1 என்று போட்டிருக்கும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் அத்தனை சுற்று என்று அர்த்தம். நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 3.4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5:1 ரீலில் ஒரு சுற்றுக்கு 53 சென்டிமீட்டர் நரம்பு வரும். 7:1-இல் 75 சென்டிமீட்டர் வரும். வேகமாக இழுப்பதுதானே நல்லது என்று தோன்றும். காரவள்ளியிலிருந்து மேலே வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் கியரை இறக்கித்தான் ஏற்றுகிறார். வேகம் குறைந்தால் இழுவை கூடும், வேகம் கூடினால் இழுவை குறையும். ரீலிலும் அதே கதைதான்.

விராலுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. தவளையைக் கவ்விய உடனே அது தலையைத் திருப்பிக்கொண்டு தண்டுக்குள் போகும். ஒன்றிரண்டு நொடியில் தொங்கலாகக் கிடக்கும் நரம்பைச் சுருட்டி, தலையை மேலே தூக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அல்லித் தண்டில் நரம்பைச் சுற்றிவிடும். ஆகவே 7:1-ஐ ஒட்டி வாங்குவது சரி. 8-க்கு மேல் போனால் பாசிக் கொத்தோடு இழுக்கும்போது கைப்பிடி கனக்கும். மீனைக் கம்பால் தூக்க வேண்டும், கைப்பிடியால் நரம்பைச் சேர்க்க வேண்டும். கைப்பிடியைத் திருகியே மீனை இழுப்பவர்கள் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடுவார்கள்.

அடுத்தது பிரேக். என் அபிப்பிராயத்தில் விலையைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் குண்டூர் நாட்டு நண்பருக்கு மூன்று நாள் சிக்கு எடுக்க வைத்தது இதுதான். தவளை காற்றில் போகப் போக வேகம் குறைகிறது. ஸ்பூலோ ஆரம்பித்த வேகத்திலேயே சுற்றுகிறது. வெளியே போகும் நரம்பைவிட அவிழும் நரம்பு அதிகமானால் உள்ளே குருவிக்கூடு கட்டிவிடும். இதைத் தடுக்க இரண்டு விதப் பிரேக் உண்டு. காந்தப் பிரேக் என்றால் வெளியே எண் போட்ட திருகு இருக்கும். எண்ணைக் கூட்டினால் காந்தம் அலுமினிய ஸ்பூலுக்குக் கிட்டே வந்து அதன் வேகத்தை அடக்கும். இன்னொன்றில் சின்னச் சின்னக் கட்டைகள் இருக்கும். ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது அவை வெளிப்பக்கம் தள்ளப்பட்டு வளையத்தில் உராயும். அதை மாற்றப் பல ரீல்களில் பக்கத் தட்டைத் திறக்க வேண்டும். பழகியவர்கள் இந்த இரண்டாவதைப் புகழ்வார்கள். புதிதாகப் பழகும் விவசாயிக்கு, அதுவும் மலைக்காற்று நினைத்த பக்கம் திரும்பும் இடத்தில், வெளியே திருகு உள்ள காந்தப் பிரேக்கே நல்லது.

பிரேக்கைச் சரிசெய்யும் விதம் இது. கைப்பிடிப் பக்கத்தில் நட்சத்திரச் சக்கரத்துக்கு அருகே ஒரு சிறு திருகு இருக்கும். தவளையைக் கட்டி, கம்பை நேராக நீட்டி, கட்டை விரல் பொத்தானை அழுத்துங்கள். தவளை தொப்பென்று விழுந்தால் அந்தத் திருகை இறுக்குங்கள். மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். காந்த எண் பத்து வரை இருந்தால் ஏழு எட்டில் ஆரம்பியுங்கள். கை பழகப் பழக ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். தவளை தண்ணீரில் விழும் சமயம் கட்டை விரல் ஸ்பூலைத் தொட்டு நிறுத்த வேண்டும். எந்தப் பிரேக்கும் கட்டை விரலுக்கு ஈடில்லை. குட்டைக் கரையில் பழகாதீர்கள். அறுத்த வயலில், தவளைக்குப் பதிலாக ஒரு நட்டைக் கட்டி ஒரு வாரம் வீசிப் பாருங்கள். நானும் அப்படித்தான் பழகினேன். முதல் நாள் கட்டிய குருவிக்கூட்டைக் கத்தரியால்தான் வெட்டி எடுத்தேன்.

மூன்றாவது டிராக். மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் ஸ்பூல் வழுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு. பெட்டியில் எட்டு கிலோ, பத்து கிலோ என்று பெரிதாகப் போடுவார்கள். ஒன்றரை கிலோ விராலுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் போதும். ஒன்பது கிலோ தாங்கும் நரம்புக்கு மூன்று கிலோ. புளி நிறுக்கும் ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாசியில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள், உள்ளே இருக்கும் வட்டுகள் நசுங்காமல் இருக்கும்.

பால் பேரிங் எண்ணிக்கை சுத்த வேடிக்கை. 18+1 என்று போட்டிருக்கிறது என்பதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். நல்ல பேரிங் நாலைந்து இருந்தால் போதும். அதற்குப் பதில் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஸ்பூலை விரலால் சுண்டிப் பாருங்கள். நம் மலையில் மூடுபனியும் சாரலும் அதிகமாதலால் துருப்பிடிக்கும் திருகாணி இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஸ்பின்னிங் ரீலைப் போல இதில் பின்னால் மாற்றிக்கொள்ள முடியாது.

நரம்பு விஷயம் சுருக்கமாக. பாசிக் குட்டைக்குப் பின்னல் நரம்பு நல்லது. நீளாது, தண்டை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் வழுக்கும். முதலில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி அதன்மேல் இதைச் சுற்றுங்கள். சிக்கிக்கொண்டால் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும். குச்சியில் சுற்றி இழுங்கள்.

குண்டூர் நாட்டு நண்பர் பரணிலிருந்து ரீலை எடுத்துவந்தார். 7.2:1, காந்தப் பிரேக் உள்ளது. திருகு பூஜ்யத்தில் இருந்தது! கட்டியிருந்ததோ நான்கு கிராம் பிளாஸ்டிக் புழு. ரீலில் ஒரு குறையும் இல்லை. திருகை எட்டில் வைத்து, பன்னிரண்டு கிராம் தவளையைக் கட்டிக் கொடுத்தேன். அன்று மாலை ஒரு மீனும் விழவில்லை; குருவிக்கூடும் விழவில்லை. பத்து நாள் கழித்துப் போன் செய்தார். மூன்று விரால் பிடித்தாராம், பெரியது ஒன்றேகால் கிலோ. இன்னும் உள்ளே இருக்கிறது என்கிறார். மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் குளிர்ந்து விரால் சோம்பிக் கிடக்கும். மேலே ஓடும் தவளையைத் துரத்தாது. அதற்கு முன்பே வெயிலேறிய பகலில் வீசும்படி சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை விடும் குஞ்சு நாலு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

இதெல்லாம் உங்கள் சொந்தக் குட்டைக்குச் சொன்னது. ஏரி, குளம் என்றால் குத்தகைக்காரரைக் கேளுங்கள். காப்புக்காட்டு ஓடையில் வனத்துறை அனுமதியில்லாமல் தூண்டில் போடக் கூடாது. வெடியும் விஷமும் எங்குமே கூடாது. 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது குற்றம்.

இன்னொன்று. தண்ணீர் மேல் சிவந்த நிறத்தில் பொடிக் குஞ்சுகள் திரளாகச் சுற்றினால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பொதுக் குளத்தில் என்றால் அவற்றை விட்டுவிடுங்கள். காவல் போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. உங்கள் கெண்டைக் குட்டையில் என்றால் முதலில் குஞ்சுத் திரளை வேட்டியால் வடித்துத் தனித் தொட்டியில் விட்டுவிட்டு, அதன் பிறகு தவளையை வீசுங்கள். அந்தக் குஞ்சுகளைத் தனியாக வளர்ப்பது எப்படி, என்ன தீனி கொடுப்பது என்பதை வேறொரு நாள் சொல்கிறேன்.