சீன மூலிகையும் நமது வைத்தியமும்



யாழ்ப்பாணத்துச் சித்த வைத்தியர் கையாளும் சரக்குகளுள் பறங்கிப்பட்டை என்பதும் ஒன்று. பெயரைக் கேட்போர் அதனைப் போர்த்துக்கேயர் நாட்டுப் பொருளென எண்ணுதல் இயல்பு. உண்மையில் அது சீனத்துக் கொடியொன்றின் கிழங்காகும். பதினாறாம் நூற்றாண்டில் பறங்கியர் கப்பல்களில் அது கோவாவுக்கு வந்தது. ஆங்கு வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர், 1563இல் அச்சேறிய தம் நூலில் அதனைப் பற்றி எழுதினார். கொண்டுவந்தவர் பெயர் சரக்கின்மேல் ஏறிற்று. நம் வைத்தியரோ அதனைப் பாலாவியில் அவித்து, உலர்த்தி, இடித்துச் சூரணமாக்கித் தம் முறைக்கு உரியதாக்கிக்கொண்டனர்.

அந்தச் சீன வைத்தியம் எத்தகையது? நாம் வாதம், பித்தம், ஐயம் எனக் கூறுவதுபோல, அவர்கள் யின், யாங் என்னும் இரு தன்மைகளின் சமநிலையே உடல்நலம் என்பர். நாடி பார்த்தலும், சரக்குகளை வெம்மை தண்மை என வகுத்தலும் அவர்க்கும் உண்டு. ஒரு குடிநீரில் சேரும் மூலிகைகளை அரசன், அமைச்சன், துணைவன், தூதன் என நால்வகையாக அமைப்பர். லி ஷிச்சன் என்பார் தொகுத்து 1596இல் வெளிவந்த பெருநூல் 1,892 சரக்குகளை விரித்துரைக்கின்றது.

இத்தகைய பழைய நூல்களால் இன்று பயன் யாது? இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறும்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கொ ஹுங் என்பாரின் நூல், முறைக்காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்னும் பூண்டைக் கூறி, அதனை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுக என்றது. காய்ச்சுக எனக் கூறவில்லை. தூ யூயூ என்னும் சீன அறிஞர் இச்சிறு வேறுபாட்டை உற்று நோக்கினார். வெப்பம் குறைந்த முறையில் அப்பூண்டின் சத்தை 1971இல் பிரித்தார். மலேரியாவுக்குச் சிறந்த மருந்து பிறந்தது. 2015இல் நோபல் பரிசும் அவரை அடைந்தது.

மற்றையது துயர நிகழ்ச்சி. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டிலே, உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டோர். பெயர் ஒத்திருந்தமையால் ஒரு மூலிகைக்கு மாறாக நச்சுத்தன்மையுள்ள வேறொரு மூலிகை சேர்ந்துவிட்டதே காரணம்.

இது அயலார் கதையன்று. அந்த நச்சு மூலிகையின் இனத்தைச் சேர்ந்தவையே நம்மிடையே வழங்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும். பெயர் மயக்கமும் நமக்குப் புதிதன்று: புனர்நவா என்னும் ஒரே வடமொழிப் பெயரால் மூக்கிரட்டையையும் குறிப்பர், சாரணையையும் குறிப்பர். பச்சிலைதானே, தீங்கு செய்யாது என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. சுக்கின் தோலைச் சீவுக, கடுக்காயின் வித்தை நீக்குக என்று அவர்கள் வற்புறுத்தியதே இதற்குச் சான்று.

1619இல் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் மன்னர், பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினர். அப்பெயர்களாலேயே இரு வைத்திய நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஏடுகளில் இருந்த பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல பாகங்களாக அச்சேற்றினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பித்து வருகின்றது.

நூல் நிலைத்தது. ஆனால் நூலில் உள்ள பெயருக்கு உரிய செடி எது எனக் காட்டவல்ல முதிய பரியாரியார் அருகி வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே மாணவர் அவர்களுடன் வேலியோரமும் குளக்கரையும் நடந்து, செடியைக் கண்டு, பெயரோடு தாவரவியற் பெயரையும் இணைத்துக் குறித்தல் வேண்டும். நோயாளரும் கேள்விப்பட்ட மருந்தைத் தாமே அவித்துப் பருகாது, கற்ற வைத்தியரை நாடுதல் வேண்டும். வேறு மருந்து உட்கொள்வோராயின் அதனை மறையாது கூறுதல் வேண்டும்.

மருந்தும் நஞ்சும் ஒரே வேலியில் படர்கின்றன. இரண்டையும் பிரித்தறியும் அறிவே வைத்தியம்.