திரைக்குப் பின்னால் யார்?



இன்று ஒரு ஜெர்மன் துப்பறியும் படக்கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தாராவியில் வீட்டுப் பிரச்சினையே தலைக்கு மேல் இருக்கும்போது ஜெர்மன் படம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பிரிட்ஸ் லாங் என்ற இயக்குநர், டாக்டர் மபூசே என்ற சூத்திரதாரியை வைத்து 1922, 1933, 1960 ஆகிய ஆண்டுகளில் படம் எடுத்தார். இரண்டாவது படத்தில் அடியாட்கள் ஓர் அறையில் கூடுவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், அதுதான் கட்டளை. தலைவனின் முகத்தை எவனும் பார்த்ததில்லை. கடைசியில் திரையை விலக்கினால் அங்கே ஆளே இல்லை. ஒரு ஒலிபெருக்கியும் வெட்டி வைத்த உருவமும்தான்! ஹிட்லர் பதவிக்கு வந்த அதே 1933-இல் ஜெர்மனியில் அந்தப் படம் தடை செய்யப்பட்டது.

மூன்றாவது படம் 'டாக்டர் மபூசேயின் ஆயிரம் கண்கள்'. அதில் ஒரு ஓட்டல். தங்க வருவோரை வேவு பார்க்க நாஜிகள் கட்டியது. நாஜிகள் ஒழிந்தார்கள், அவர்கள் வைத்த கண்கள் ஒழியவில்லை. புதிதாக வந்த கயவன் அவற்றைக் கொண்டே ஊரை ஆட்டுகிறான்.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இது புதுக் கதையா? தூத்துக்குடியிலிருந்து வந்து, விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கி, கள்ளச் சாராயத்தால் பெரிய ஆளான வரதராஜ முதலியாரை நம் மூத்தவர்கள் அறிவார்கள். 1966-இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியரை விரட்டு என்ற கூச்சல் எழுந்த காலம். கேட்க நாதியற்றவன் அவர் வாசலுக்கு ஓடினான். அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தச் சாராயத்தில் கரைந்தது யார் வீட்டுக் கூலி? 1987-இல் 'நாயகன்' வந்தது. தோட்டா தரணி சென்னையில் போட்ட தாராவி செட்டைப் பார்த்து நாமே கைதட்டினோம். மறு ஆண்டு முதலியார் சென்னையில் காலமானார். அவரை நம்பியிருந்தவர்களுக்கு மிஞ்சியது என்ன? ஒரு சங்கமா, ஒரு கணக்குப் புத்தகமா?

1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 17 லட்சம் ஊழியர்கள், 20 நாட்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். கோரிக்கை வெல்லவில்லை, உண்மைதான். ஆனால் தலைவர் யார், கேட்டது என்ன என்று பாயிண்ட்ஸ்மேன் வரை தெரியும். அங்கே திரை இல்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2024 மார்ச்சில் தாராவியில் வீட்டு சர்வே தொடங்கியது. கதவில் எண் எழுதினார்கள், ட்ரோன் பறந்தது, லேசர் கருவியால் சந்து பொந்தெல்லாம் அளந்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. தகுதியில்லாதவர் வெளியே போகவேண்டும் என்பது விதி. ஒரு ரேஷன் கார்டு, ஒரு மின் கட்டண ரசீது, அதில் நிற்கிறது ஒரு குடும்பத்தின் கதி.

இந்த நேரம் பார்த்து ஏஜெண்டு வருவான். "காகிதத்தை என்னிடம் கொடு அக்கா, மேலே பேசி முடித்துத் தருகிறேன்" என்பான். மேலே யார்? எந்த ஆபீசு? எந்த மேசை? சொல்லமாட்டான். அதுதான் திரைக்குப் பின்னால் வரும் குரல்.

சர்வேயே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம்மை அளக்கிறவன் எழுதியதை நாமும் படிக்கவேண்டும் என்கிறோம். அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். எதைக் கொடுத்தாலும் கையெழுத்திட்ட ரசீது கேளுங்கள். ஒவ்வொரு சாலிலும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், வீட்டு எண், பெயர், ஆண்டு, ஆதாரம் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பட்டியல் வெளிவந்தால் பத்துப் பேர் நடுவில் உரக்கப் படியுங்கள். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்தச் சாலே மனுவுடன் போகட்டும்.

அவர்களுக்கு ஆயிரம் கண் இருக்கலாம். நமக்கும் வீட்டுக்கு இரண்டு கண் உண்டு. திறந்து வைப்போம்.