எந்தப் படத்துக்கு ஒரு ஊரையே கட்டலாம்?

ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால் மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவில் என்றால் சாமி மட்டுமில்லை. ஓடை, பாறை, குளியல், கட்டுச்சோறு எல்லாம் சேர்ந்ததுதான். நான் ஓவிய ஆசிரியர். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய், ஆளுக்கொரு மரத்தைக் காட்டி வரையச் சொல்வது என் வழக்கம். அப்படி வரைந்துகொண்டிருந்த ஒரு நாளில் பிள்ளைகளுக்குள் எழுந்த வாதம்தான் இன்றைக்கு என் பேச்சு. கார்ட்டூன் படங்களில் எதற்குப் பெரிய தீம் பார்க் கட்டலாம்?

ஒருத்தி 'ஃப்ரோசன்' என்றாள். ஒருவன் 'டாய் ஸ்டோரி' என்றான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் 'சோட்டா பீம்' கட்சி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "எது நல்லா ஓடுச்சோ அதுக்குத்தான் சார் கட்டணும்."

நேயர்களே, உங்களில் பலரும் அவன் பக்கம்தான் இருப்பீர்கள். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. வசூல் என்பது படத்தைப் பார்த்தவர்களின் கணக்கு. தீம் பார்க்குக்கு வேண்டியது வேறு. அந்தப் படத்துக்குள் நாம் கால் வைத்து நடக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'கார்ஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் வந்தது. பிக்சார் நிறுவனம் எடுத்ததிலேயே சிறந்த படம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் அதில் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர் வருகிறது. நெடுஞ்சாலை வேறு பக்கம் போய்விட்டதால் எல்லோரும் மறந்துபோன ஊர். 2012-ல் டிஸ்னிக்காரர்கள் கலிஃபோர்னியாவில் உள்ள தங்கள் பார்க் ஒன்றுக்குள் அந்த ஊரை அப்படியே கட்டினார்கள். கடைத்தெருவும் உண்டு, பின்னால் செம்பாறை மலையும் உண்டு. அதுவரை சோர்ந்து கிடந்த அந்தப் பார்க்குக்குக் கூட்டம் திரும்பி வந்தது. 'டாய் ஸ்டோரி'க்கும் இது பொருந்தும். டிஸ்னி பார்க்கில் அந்தப் படத்துக்கென்று உள்ள பகுதிக்குள் போனால் எல்லாப் பொருளும் பிரம்மாண்டமாக நிற்கும், நாம் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடுவோம். 'ஃப்ரோசன்' ஊரை 2023 நவம்பரில் ஹாங்காங்கில் திறந்தார்கள். 'ஜூடோபியா' நகரத்தை அடுத்த மாதமே ஷாங்காயில் திறந்தார்கள். நான்குமே கால் வைத்து நடக்க இடம் உள்ள கதைகள். என் மாணவி 'ஃப்ரோசன்' கேட்டாளே, அவள் கேட்டதில் நியாயம் உண்டு.

ஆனால் என் மனம் நிற்பது ஜப்பானில். நேரம் கொஞ்சம் கூடினாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

1988-ல் ஹயாவோ மியாசாகி எடுத்த படம் 'என் பக்கத்துவீட்டு டோட்டோரோ'. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அப்பா இரண்டு பெண்பிள்ளைகளோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார். பெரியவள் சாட்சுகி, சின்னவள் மெய். வீட்டை ஒட்டி ஒரு காடு, நடுவில் பெரிய கற்பூர மரம். அந்த மரத்தில்தான் டோட்டோரோ இருக்கிறது, ரோமம் அடர்ந்த பெரிய உருவம், பேசாது. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும், பக்கத்தில் சின்னக் கோவில் இருக்கும். அப்பா மகள்களை அழைத்துப் போய் மரத்துக்கு முன்னால் நின்று, மெய்யைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி வணங்குகிறார். இந்தக் காட்சியை வகுப்பில் போட்டபோது ஒரு பிள்ளைகூட விளக்கம் கேட்கவில்லை. "இது நம்ம அய்யனார் மாதிரி சார்" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, அவ்வளவுதான். காட்டு எல்லையில் காவலாக நிற்கும் ஒரு சாமியை நம் பிள்ளைகளுக்கு யார் அறிமுகம் செய்ய வேண்டும்?

இந்தப் படத்துக்குப் பார்க் கட்டிய விதத்தைக் கேளுங்கள். 2005-ல் ஐச்சி மாநிலத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. காய்ஷோ என்னும் காட்டில் நடத்துவதாகத்தான் முதலில் திட்டம். அங்கே அரிய வேட்டைப் பறவை கூடு கட்டியிருப்பது தெரிந்தது, மக்களும் எதிர்த்தார்கள். முக்கியத் திடலை ஏற்கெனவே இருந்த ஒரு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்காட்சிக்காக அங்கே சாட்சுகி, மெய் குடியிருந்த வீட்டை மரத்தில் கட்டினார்கள். உள்ளே போனால் அலமாரி இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம்; துணி மடித்து வைத்திருக்கும். அதே பூங்காவுக்குள் 2022 நவம்பர் 1-ல், மியாசாகியின் கிப்ளி ஸ்டுடியோ படங்களுக்கான கிப்ளி பார்க் திறக்கப்பட்டது. பொறுப்பேற்று வடிவமைத்தவர் மியாசாகியின் மகன் கோரோ. அங்கே ராட்சத ரோலர் கோஸ்டர் கிடையாது. இருந்த மரங்களையும் நடைபாதைகளையும் வைத்துக்கொண்டு, இடையிடையே கட்டடங்களைச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மேடேறினால் மரத்தாலான டோட்டோரோ நிற்கிறது. குழந்தைகள் அதன் வயிற்றுக்குள் நுழையலாம். நடப்பதுதான் சவாரி. அய்யனார் கோவில் ஓடைக்கரையில் நடந்து பழகிய எனக்கு இது புரிகிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சினிமாவிலிருந்தே முளைத்த பார்க் ஒன்று உண்டு. 1984-ல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தாரே நவோதயா அப்பச்சன், அவர்தான் 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். அந்தப் படத்தில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டு நினைவிருக்கிறதா? அதற்காக அறையையே சுழல வைத்தார்கள். படத்தில் கண்ட அதிசயத்தைக் கையால் தொட வேண்டும் என்ற ஆசை அந்த அறையிலேயே இருக்கிறது.

அனிமேஷனில் இன்று நமக்கு இரண்டு பெயர்கள்தான் பெரியவை. ஒன்று 2025-ல் வந்த 'மகாவதார் நரசிம்மா'. 2037 வரை ஏழு படங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். நரசிம்மர் தூணைப் பிளந்து வரும் காட்சியை இருட்டறைச் சவாரியாக அமைத்தால் கூட்டம் அலைமோதும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். சாமியை வணங்க நிற்கும் வரிசை வேறு, பெல்ட் போட்டு உட்கார நிற்கும் வரிசை வேறு.

இன்னொன்று 2008-ல் ஹைதராபாத்தில் பிறந்த 'சோட்டா பீம்'. நேயர்களே, நம் பிள்ளைகளுக்குத் தீம் பார்க் என்பது பொங்கல் பொருட்காட்சியில் சுற்றும் இராட்டினம்தான். ஒரு இராட்டினக்காரர் கேட்டதற்காகத் திருவிழாத் தட்டிகளுக்கு நான் படம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பீமை எழுதும்போது பிள்ளைகள் சுற்றி நின்றுகொள்வார்கள். பீமும் ஜக்குவும் சுட்கியும் முடிந்ததும் அவர்கள் விடமாட்டார்கள். "டோலக்பூரை வரைங்க சார், லட்டுக் கடையை வரைங்க" என்பார்கள். ஆளைப் பார்த்தது போதாது, அவன் ஊர் வேண்டும். டோலக்பூர் ராஜா ஆளும் ஒரு சாதாரண இந்திய ஊர். லட்டுக் கடையை நிஜமாகவே போடலாம், ராஜாவின் அரண்மனையைக் கட்டலாம், மைதானத்தில் பிள்ளைகளைப் பம்பரமும் கில்லியும் விளையாட விடலாம். வெளிநாட்டு இயந்திரங்களுக்குக் கொட்டும் அளவுக்குப் பணம் ஆகாது. நுழைவுக் கட்டணமும் தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு எட்டும் அளவில் இருக்கலாம். ஆகவே இந்தியாவில் ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு பீமுக்கு. சின்ன வகுப்புக் கட்சிதான் ஜெயித்தது!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "அய்யனார் கோவில் பக்கமே கட்டலாமே சார்" என்றும் ஒரு பிள்ளை கேட்டது. கூடாது. சாம்பல் நிற அணிலுக்காக இந்த மலையை 1988-ல் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. அந்த அணில் மரத்தைவிட்டு இறங்க விரும்பாது, கொப்புக்குக் கொப்பு தாவியே போகும். இடையில் பத்து மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும். ராஜபாளையத்துக்குக் குடிநீரும் இந்த மலையிலிருந்து வருகிறது. ஐச்சிக்காரர்கள் ஒரு பறவைக் கூட்டுக்காகத் திடலையே மாற்றினார்கள். நாமும் மதுரைப் பக்கம் நாலுவழிச் சாலையோரம் பொட்டல் நிலம் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

நேரம் முடிகிறது. இன்னும் தமிழிலேயே பிறந்து, பல படங்களாகத் தொடரும் ஒரு கார்ட்டூன் கதை நமக்கு வாய்க்கவில்லை. காட்டைக் காக்கும் அய்யனார், மண்குதிரை, மரத்தைவிட்டு இறங்காத அணில், கூடவே ஓடும் ராஜபாளையம் நாய் என்று ஒரு கதைக்கு வேண்டியதெல்லாம் இந்த மலையடிவாரத்தில் இருக்கிறது. அடுத்த தடவை பிள்ளைகளை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப் போகும்போது செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். அந்தப் படத்தை எடுக்கப்போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம்.